பல்லுக்கு ஏது தோல்

அவளுடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருபத்தொரு ஆங்கிலத் தொடர்கள் இருந்தன. இருபத்தொன்றும் சொல்வது ஒன்றேதான். ஆள் சாக இருந்தான், சாகவில்லை.

ஒன்றில் மீசை மயிர் வரும். ஒன்றில் துப்பாக்கிக் குண்டு வரும். ஒன்றில் சவரக் கத்தி தோலை உரசிக்கொண்டு போகும். ஒன்றில் பல்லின் தோலளவுக்கு உயிர் தப்பும். எல்லாம் சேஃப்டி ஆபீசர் தன் கையாலேயே சாய்வெழுத்தில் எழுதிக் கொடுத்தவை. அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு டிக்‌ஷனரி என்று பேர். காதுபடவே சொல்வார்கள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே இரண்டு புத்தகங்கள். யாருக்காவது அடிபட்டால் ஒன்று, அடிபடாமல் தப்பித்தால் இன்னொன்று. அடிபட்ட புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒரு வரி ஏறவில்லை என்று வாசலில் பலகை தொங்கியது. தப்பித்த புத்தகம் மட்டும் கொழுத்துக்கொண்டே போனது. அதை எழுதுவதுதான் அவள் வேலை. தப்பித்தவர் ஷிஃப்ட் முடிந்து வந்து எதிரே உட்கார்ந்து தமிழில் சொல்வார். சொன்னதைச் சொன்னபடி ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொள்வாள். பிறகு அதை ஆங்கிலமாக்கி, பட்டியலிலிருந்து ஒரு தொடரைத் தூக்கிப் போட்டுப் புத்தகத்தில் ஏற்றுவாள். தலைமை அலுவலகத்தில் படிப்பார்களாம். ரசிப்பார்களாம்.

சேர்ந்த முதல் வாரமே டிக்‌ஷனரி சொல்லிவிட்டார்.

“எந்த மெஷின், எத்தனை இஞ்சு, எந்த நட்டுன்னு போட்டு ரொப்பாதேம்மா. அங்க உக்காந்து படிக்கிறவனுக்கு அது எதுக்கு? படிச்சா சிலிர்க்கணும். அப்புறம், ஒரே மாசத்துல ஒரே ஃப்ரேஸ் ரெண்டு தடவை வரக்கூடாது. சலிப்புத் தட்டும்.”

அவளுக்கு அது பிடித்திருந்தது. அதுதான் கேவலம். கல்லூரியில் அவள் ஆங்கிலத்தில் வாய் திறந்தாலே பின்வரிசை களுக்கென்று சிரிக்கும். குடும்பத்தில் முதல் டிகிரி. வீட்டில் போய் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று சொன்னால் புரிந்துகொள்ளக்கூட ஆள் கிடையாது. அந்தச் சிரிப்பின் மேல் இருந்த வெறியில்தான் பழைய புத்தகக் கடையில் தொடர் அகராதி ஒன்றை வாங்கி உருப்போட்டாள். இங்கே வந்ததும் அந்த உருப்போட்டதற்கெல்லாம் விலை கிடைத்தது. டிக்‌ஷனரி ஒருநாள் அவள் எழுதியதை மேனேஜர் முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அன்றைக்கு அவள் தரையில் நடக்கவில்லை. தொழிலாளிகளும் அவளுக்குப் பட்டதாரி என்று பேர் வைத்துவிட்டார்கள். பாதி கிண்டல், பாதி மரியாதை. எந்தப் பாதி எப்போது என்று அவளால் பிரிக்க முடிந்ததில்லை.

இன்றைக்கு மூன்று மணிக்கு ஆய்வுக்குழு வருகிறது. ஆறு மாதத் தப்பித்தல்களையும் ஒரே பக்கத்தில் சுருக்கி, எந்த இடத்தில் எத்தனை என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டுக்குள் டிக்‌ஷனரி மேசையில் வைக்க வேண்டும். மணி பதினொன்று இருபது.

புத்தகத்தைப் புரட்டினாள். அவள் எழுதியதுதான், அவளுக்கே ஒன்றும் புரியவில்லை. ஒருவர் மீசை மயிரளவில் தப்பியிருந்தார். ஒருவர் குண்டுக்கு விலகியிருந்தார். ஒருவரை மணி அடித்துக் காப்பாற்றியிருந்தது. எல்லோரும் சரக்கு கையாளும் பகுதியில் தப்பியிருந்தார்கள். யார், எதிலிருந்து? ஒரு வரியிலும் இல்லை. வேறு வழியில்லாமல் இழுப்பறையிலிருந்து கோடு போட்ட நோட்டை எடுத்தாள்.

சில பக்கம் தள்ளியதுமே சரக்கு லிப்ட்காரர் சொன்னது இருந்தது. நாளெல்லாம் கொட்டாவி விடுவதால் அவர் பேரே கொட்டாவி. ‘லிப்ட் நின்னப்பறம் ரெண்டு விரக்கடை எறங்குச்சு. ரெண்டாவது வண்டி தட்டிடுச்சு.’

அவ்வளவுதான், ஒன்று. பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள்.

இரண்டு மாதம் தள்ளி, பண்டல் கட்டுகிற அம்மாள். ‘நாலு விரல். நின்னப்பறம்தான், ரெண்டாவது வண்டிக்கு.’

அடுத்தது ஐந்து வாரம் கழித்து, மறுபடி கொட்டாவி. ‘ஒரு சாண் இருக்கும். ரெண்டாவது வண்டி ஏறினதும் வழுக்குச்சு.’

பென்சில் நின்றுவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பாமலே அவளுக்குத் தெரியும், அதில் என்ன இருக்கிறது, யார் சொன்னது என்று. இருந்தாலும் திருப்பினாள். ஒன்பது நாளுக்கு முன்னால் எழுதியது. ‘முழங்கால் உயரம்.’

சொன்னது அவள் அம்மா.

அம்மாவுக்கு அந்த லிப்ட்டில்தான் வேலை. மாடியில் ஒட்டி முடித்த பெட்டிப் பண்டல்களை வண்டியில் ஏற்றி, லிப்ட்டுக்குள் இழுத்து, சக்கரம் உருளாமல் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு நடைக்கு இரண்டு வண்டி. இரண்டாவது வண்டியை உள்ளே நின்று இழுத்துவிட்டு, உடம்பை ஒருக்களித்துச் சந்து வழியாக வெளியே வர வேண்டும். பதினொரு வருஷமாக ஒருக்களித்துத்தான் இவளைப் படிக்க வைத்தாள்.

ஒன்பது நாளுக்கு முன்னால் அம்மா எதிரே உட்கார்ந்து சொன்னபோது இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? கண்ணாடிக்கு அடியில் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதத்துக்கு இன்னும் எந்தத் தொடர் மிச்சம் என்று தேடிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா கேட்டாள்.

“என்னைப் பத்தி என்னடி எழுதின?”

“பல்லோட தோலளவுல தப்பிச்சாங்கன்னு.”

“பல்லுக்கு ஏதுடி தோல்?”

“இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா சொல்லுவாங்க.”

“தோல் போனது பல்லுல இல்லடி, முட்டியில.” அம்மா புடவையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு வழண்டிருந்தது. “இதைப் போட்டியா?”

“அடிபட்டதுன்னு போட்டா அது வேற புத்தகம். வாசல் பலகையில நம்பர் போயிடும்.”

“ஐயோ, அப்ப வேணாம். என்னால எதுக்கு நம்பர் போகணும்?” என்று அம்மா புடவையை இறக்கிவிட்டாள். பிறகு தனக்குள் சிரித்தாள். “பல்லுக்குத் தோலாம். நல்லாத்தான் படிச்ச, போ.”

இரண்டு விரல். நாலு விரல். ஒரு சாண். முழங்கால். நடுவில் இரண்டு மாதம், ஐந்து வாரம், பிறகு மூன்று வாரம். கடைசி முறை நடந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றைக்கு ஆய்வுக்குழு வருவதற்குள் மாடியைக் காலி பண்ண வேண்டும் என்று காலையிலிருந்து வண்டிக்கு இரண்டடுக்கு கூடுதலாக ஏற்றுகிறார்கள். அம்மாவே காலையில் முனகிக்கொண்டுதான் வந்தாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் எடுத்து நிறுத்தவில்லை.

டிக்‌ஷனரி கண்ணாடி அறைக்குள் பேச்சு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நோட்டை அவர் முன்னால் விரித்து நான்கு வரிகளிலும் விரல் வைத்துக் காட்டினாள். அவர் படித்தார். படித்தது அவர் முகத்தில் தெரிந்தது. காது மடல் வெளுத்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

“சாயங்காலம் பாத்துக்கலாம்.”

“சார், எங்கம்மா அதுக்குள்ள நிக்கிறாங்க.”

“இப்ப லிப்ட்டை நிறுத்தினா, வர்றவங்க ஏன் நிக்குதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ? நாலு மாசமா தெரியும்னு சொல்லுவியா?”

“தெரியாதுன்னு நீங்க சொல்லுவீங்களா?”

“எனக்குத் தெரியாதும்மா. புத்தகத்துல இல்லையே.” பேனாவால் புத்தகத்தைத் தட்டினார். “இது யார் கையெழுத்து?”

அவள் பார்த்தாள். குண்டு குண்டான, அழகான கையெழுத்து.

“உங்கம்மா வந்து கெஞ்சினாங்கன்னுதான் உன்னைச் சேர்த்தேன். ரெண்டு பேர் வேலை இது. யோசிச்சுக்கோ.”

யோசிக்க என்ன இருக்கிறது? நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். போன் அடிக்கவும் முடியாது. கைபேசிகள் எல்லாம் வாசல் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. அதுவும் பாதுகாப்புக்குத்தான். அலுவலகத்துக்கும் லிப்ட்டுக்கும் நடுவே வெட்டும் கூடம், ஒரு படிக்கட்டு, ஒட்டும் கூடம். வெட்டும் கூடத்தில் மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும். அவள் கோட்டைப் பார்க்கவில்லை. தாள் சுருளைத் தள்ளிக்கொண்டு வந்தவன், “ஏய் பட்டதாரி, கண்ணு எங்க இருக்கு?” என்று கத்தியது பின்னால் எங்கோ கேட்டது. படிக்கட்டில் செருப்பு வார் அறுந்தது. அதை அங்கேயே விட்டாள்.

ஓடும்போதே மூளை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. லிப்ட் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் ஓடுகிற லிப்ட் நிற்கும். ஆனால் நான்கு முறையும் சொன்னது ஒன்றே. நின்ற பிறகுதான் வழுக்குகிறது. நிற்கிற லிப்ட்டை எந்தப் பொத்தானை அமுக்கி நிறுத்துவது?

ஒட்டும் கூடத்தில் பசை நாற்றம் மூக்கில் ஏறியது. கோடியில் லிப்ட் கதவு திறந்திருந்தது. கொட்டாவி விசைப்பலகைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றார். முதல் வண்டி உள்ளே சுவரோடு போயிருந்தது. இரண்டாவது வண்டி வாசற்படியில். முன்சக்கரம் லிப்ட்டுக்குள், பின்சக்கரம் வெளியே. ஆள் உயரத்துக்கு அடுக்கிய பண்டல்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அம்மாவைக் காணோம். பண்டலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

“தள்ளுய்யா, என்ன தூங்கிட்டியா?”

கொட்டாவி தள்ளுவதற்குக் கை வைத்தார்.

அவள் போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“அண்ணே, தள்ளாதீங்க. தொடாதீங்க.”

“என்னாச்சு பாப்பா?”

“அம்மா, வெளிய வா.”

“யாரு?” பண்டலுக்கு மேலே அம்மாவின் நெற்றி தெரிந்தது. “நீ ஏன்டி இங்க வந்த? வேலை நேரத்துல ஆபீசை விட்டுட்டு?”

“வெளிய வா முதல்ல.”

“வண்டி நிக்குது, எப்படி வர்றது? ஏத்திட்டு வரேன். நீ போ, டிக்‌ஷனரி பாத்தா உன்னைத்தான் திட்டுவான்.”

அம்மா உள்ளே இழுத்தாள். மகள் வெளியே இழுத்தாள். வண்டி நடுவில் முனகிக்கொண்டு நின்றது. பதினொரு வருஷமாக வண்டி இழுத்த கை அது. பேனா பிடிக்கிற கை அதற்கு எந்த மூலைக்கு? வண்டி ஓர் அங்குலம் உள்ளே போனது. இன்னும் ஓர் அங்குலம். பின்சக்கரம் படியில் ஏறப்போகிறது. ஏறினால் முழுப் பாரமும் லிப்ட்டின் மேல்.

“விடுடி, எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு இங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

“அம்மா, அன்னிக்கு எவ்வளவு எறங்குச்சுன்னு சொன்ன?”

“எது?”

“லிப்ட்டு.”

“முழங்கால். அதுக்கு இப்ப என்ன?”

“அதுக்கு முன்னாடி ஒரு சாண். அதுக்கு முன்னாடி நாலு விரல். அதுக்கும் முன்னாடி ரெண்டு விரல். நோட்டுல இருக்கு. எல்லாம் இந்த லிப்ட்டுதாம்மா. எல்லாம் ரெண்டாவது வண்டிக்குத்தான்.” கைப்பிடியை விடாமலே கேட்டாள். “அடுத்தது எவ்வளவும்மா?”

அந்தப் பக்கத்தில் இழுப்பது நின்றது. கூடத்தில் ஒட்டும் இயந்திரம் மட்டும் தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விரலும் சாணும் முழமும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. துணியைப் பார்த்தே எத்தனை முழம் என்று சொல்லிவிடுகிறவள்.

வண்டி வெளியே வந்தது. இவள் இழுத்ததால் அல்ல, அந்தப் பக்கத்திலிருந்து அம்மா தள்ளியதால். இவள் தடுமாறி உட்கார்ந்தாள். வண்டியை ஒட்டிக்கொண்டே அம்மா வெளியே வந்தாள், உடம்பை ஒருக்களிக்காமல், நேராக. வந்ததும் திரும்பி லிப்ட்டைப் பார்த்தாள். அது சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது.

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைவிட அசிங்கம் ஒன்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்திருக்க முடியாது.

“ஒண்ணும் ஆகலியே” என்று கொட்டாவி மெதுவாகச் சொன்னார்.

டிக்‌ஷனரி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கூட்டத்தையும், ஒற்றைச் செருப்போடு தரையில் கிடந்தவளையும், நிற்கிற லிப்ட்டையும் பார்த்தார். அவருக்குத் தெம்பு திரும்பிவிட்டது.

“பாத்தியா? நல்லாத்தானே நிக்குது? படிச்ச பிள்ளை இப்படியா பீதியைக் கிளப்புறது? ஏத்துங்கப்பா. மூணு மணிக்குள்ள மாடி காலியாகணும்.”

யாரும் அசையவில்லை. அம்மா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

“ஏத்திடலாம் சார். ஆனா ஆள் உள்ள போக வேண்டாம். வெளியிலிருந்தே கழியால தள்ளலாம்.”

“கட்டை யார் வைப்பா?”

“நீங்க வேணா போய் வைங்க சார்.”

பின்னால் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். டிக்‌ஷனரி உள்ளே போகவில்லை. ஒரு அடி பின்னால்தான் வந்தார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். “அண்ணே, கீழ லிப்ட் கதவுகிட்ட யாரும் நிக்காம முதல்ல பாத்துச் சொல்லுங்க.” கொட்டாவி படிக்கட்டுக்குப் போய்க் கீழே குரல் கொடுத்தார். கீழே இருந்து மெக்கானிக், “கதவு சாத்தியிருக்கு, ஆளெல்லாம் தள்ளி நிறுத்திட்டேன், என்ன விஷயம்?” என்று கேட்டார். கொட்டாவி அதற்குள் திரும்பிவிட்டிருந்தார்.

தாள் சுருள் உருட்டுகிற நீளக் கழி இரண்டைக் கொண்டுவந்தார்கள். அம்மா ஒன்று, கொட்டாவி ஒன்று. வண்டி நகர்ந்தது. முன்சக்கரம் உள்ளே போனது. பின்சக்கரம் படியில் ஏறி ஒருமுறை தயங்கியது. பிறகு அதுவும் உள்ளே போனது.

லிப்ட் நின்றது.

ஒருவர் இருமினார். டிக்‌ஷனரி வாயைத் திறந்தார். அவர் சொல்லவந்த வார்த்தை எதுவோ, அது தொண்டையிலேயே இருக்க, லிப்ட்டின் தரை இறங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. பசையில் வழுக்குவது போல இரண்டு விரல், நாலு விரல். ஒரு சாண் வந்தபோது யாரோ “ஐயோ” என்றார்கள். முழங்கால் உயரத்தில் அது நிற்கவில்லை. பண்டல்களின் தலை வாசற்படிக்குக் கீழே போனது. கூரை போனது. கம்பிகள் மட்டும் துடித்துக்கொண்டு தெரிந்தன. அப்புறம் கீழே ‘தடால்’ என்று ஒரு மோதல். கட்டிடமே ஒருமுறை உட்கார்ந்து எழுந்தது. கிணறு போன்ற அந்தப் பள்ளத்திலிருந்து அட்டைத் தூசி புகையாய் மேலே வந்தது.

அம்மா கழியைக் கீழே போடவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். கொட்டாவி பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாகக் கொட்டாவி விடாமல் வாயைப் பிளந்திருந்தார்.

சிறிது நேரம் கழித்து மெக்கானிக் மேலே வந்தார். கையில் பிரேக் கட்டை. கட்டையில் பிடிமானம் என்று இருக்க வேண்டிய பட்டை தேய்ந்து, ஆணித் தலைகள் மட்டும் பளபளத்தன. “இது மாசக்கணக்குல தேஞ்சது” என்றார். “ஒரு தடவை எறங்குச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட நான் கழட்டிப் பாத்திருப்பேன். யாருமே எங்கிட்ட சொல்லலையே?”

அவளால் அந்த ஆணித் தலைகளைப் பார்க்க முடியவில்லை. சொன்னார்கள். நான்கு முறை சொன்னார்கள். அவள் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

டிக்‌ஷனரி அவளைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆனாலும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“யாருக்கும் அடிபடல. அதுதான் முக்கியம். இதை நாமளே கண்டுபிடிச்சுத் தடுத்தோம்னு எழுது. பட்டியல்ல கடைசியா ஒண்ணு இருக்கு பாரு, நீ இன்னும் யூஸ் பண்ணல. செத்துப்போன நேரத்துல உயிர் வந்த மாதிரி அர்த்தம் வரும். அதைப் போட்டு, நல்லா, சிலிர்க்கிற மாதிரி. உனக்குத்தான் வருமே.”

“எனக்கு வரும் சார். அதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு.”

மேசைக்குப் போனாள். தப்பித்த புத்தகத்தை ஓரமாகத் தள்ளினாள். அலமாரியிலிருந்து மற்றப் புத்தகத்தை எடுத்தாள், அடிபட்டவர்கள் புத்தகம். நானூற்றுப் பன்னிரண்டு நாளாகத் திறக்காததால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆங்கிலத்தில்தான் எழுதினாள். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற ஆங்கிலம். சரக்கு லிப்ட். பிரேக் பிடிக்கவில்லை. நான்கு தேதிகள், நான்கு அளவுகள், இன்றைய தேதி, மாடியிலிருந்து தரைவரை. ஒன்பது நாளுக்கு முன்னால் ஏற்றும் தொழிலாளிக்கு முட்டியில் காயம், உள்ளங்கை அகலம், அன்று பதிவாகவில்லை. அளவுகளைத் தொழிலாளிகள் சொன்னார்கள். எழுதாமல் விட்டது நான். எழுத வேண்டாம் என்று சொன்னவர் சேஃப்டி ஆபீசர். கீழே கையெழுத்துப் போட்டாள்.

டிக்‌ஷனரி வாசற்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிற.”

“என் தலைதானே சார். அம்மா தலையில இல்லையே.”

கோடு போட்ட நோட்டைப் புத்தகத்துக்கு மேல் வைத்து, மேசை நடுவில் வைத்தாள். கண்ணாடியைத் தூக்கிப் பட்டியலை உருவி, அதையும் பக்கத்தில் வைத்தாள்.

மணி இரண்டே முக்கால். வாசலுக்குப் போனபோது அம்மா அங்கே நின்றிருந்தாள், கையில் மகளின் அறுந்த செருப்போடு. அதில் ஊக்கு குத்தியிருந்தாள். பக்கத்தில் கொட்டாவி, முக்காலி மேல் ஏறிப் பலகைக்கு நேராக.

“மூணு நம்பரையும் கழட்டிட்டேன் பட்டதாரி. இப்ப எவ்வளவு போடணும்? சைபரா?”

“ஒன்பது.”

“ஒன்பதா? இன்னிக்கு யாருக்கும் அடிபடலியே. அது எப்படி ஒன்பது?”

“எங்கம்மா முட்டிக்கு இன்னியோட ஒன்பது நாள்.”

கொட்டாவி அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு தலை நிமிராமலே, “அகலம் போட்டியா?” என்று மகளைக் கேட்டாள்.

“போட்டேன்.”

“இதைப் போட்டுக்கோ. வெறுங்காலோட நிக்காத, அவங்க முன்னாடி.”

ஆய்வுக்குழுவின் கார் வளைவில் திரும்பி உள்ளே வந்தபோது, கொட்டாவி இன்னும் முக்காலி மேல்தான் இருந்தார். ஒன்பதைத் தலைகீழாக மாட்டிவிட்டு, அது ஆறாகத் தெரிய, கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார்.